வெயில் படாத இடத்துப் புற்று

(திருவனந்தபுரம் வலியசாலையில் கல்லூரி மாணவர்களும் பொதுச் சுகாதார அலுவலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வலியசாலைக்கும் கல்வெட்டுகளில் காணப்படும் காந்தளூர்ச் சாலைக்கும் தொடர்பு உண்டு என்பது வரலாற்று அறிஞர் பலரின் கருத்து. அக்காலத்தில் சாலை என்ற சொல் நாம் நடந்து செல்லும் பாதையை மட்டும் குறிக்கவில்லை. கற்பிக்கும் இடத்தையும் குறித்தது. ஆகவே, இங்கே ஒரு பாடம் நடத்துவது இடத்திற்குப் பொருந்தாத செயல் ஆகாது என்று நம்புகிறேன். எடுத்துக்கொண்ட பொருள் அரியதொரு நோய். அரிய நோயைப் பற்றிப் பேசுவதால் நாட்டிற்கு என்ன பயன் என்ற கேள்வி உங்கள் மனத்தில் எழக்கூடும். அதற்கு விடை உரையின் பிற்பகுதியில் கிடைக்கும்.

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் தரும் செல்களில் தோன்றும் புற்று. இதற்கு முதன்மையான காரணம் சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களே என்று பாடநூல்கள் கூறுகின்றன. அது தவறன்று. ஐரோப்பிய வழியில் வந்த வெண்ணிற மக்களிடையே, நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்நோயால் இறப்பவர் தொகை கூடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் லங்காஸ்டர் 1956-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். இன்றும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்தான் இந்நோயில் உலகின் முன்னணியில் நிற்கின்றன.

ஆனால் நாம் வாழும் இந்த ஊரைச் சற்றுப் பாருங்கள். கோயிலுக்குள் ஆண்கள் மேலாடையின்றித்தான் செல்கின்றனர். வயலில் உழுபவரும் கடற்கரையில் வலை இழுப்பவரும் ஆயுள் முழுவதும் முதுகை வெயிலுக்குக் கொடுத்தவர்கள். அந்த முதுகில் மெலனோமா தோன்றுவது மிக மிக அரிது. நம்மவரிடையே அது தோன்றினால் எங்கே தோன்றுகிறது? வெயிலை ஒருநாளும் காணாத உள்ளங்காலில், நகத்தின் அடியில், உள்ளங்கையில், வாயின் மேலண்ணத்தில், மூக்கின் உட்புறத்தில், மலவாயில். வெயிலால் வரும் நோய் என்று பெயர் பெற்ற ஒன்று, நம்மிடம் மட்டும் வெயில் படாத இடமாகப் பார்த்து வருவானேன்?

இதற்கு விடை காண முதலில் அந்த நிறமிச் செல்லை அறிந்துகொள்ள வேண்டும். மெலனோசைட் எனப்படும் இச்செல் தோலில் பிறந்ததன்று. கரு வளரும்போது நரம்பு மண்டலம் உருவாகும் இடத்தின் விளிம்பிலிருந்து புறப்பட்டு, உடலெங்கும் பயணம் செய்து, பல இடங்களில் குடியேறுகிறது. பெரும்பகுதி தோலுக்கு வருகிறது. ஒரு பகுதி கண்ணின் உட்படலத்திற்கும், வாய், மூக்கு, மலவாய், பிறப்புறுப்பு ஆகியவற்றின் ஈரச் சவ்வுகளுக்கும், மூளையைச் சூழ்ந்துள்ள உறைக்கும் போகிறது. செல் எங்கெங்கு குடியேறியதோ அங்கெல்லாம் அதன் புற்றும் தோன்றக்கூடும். மூளையுறைக்கு வெயில் எங்கிருந்து வரும்? ஆகவே இப்புற்று உண்டாவதற்கு வெயில் ஒரு கட்டாய நிபந்தனை அன்று என்பது செல்லின் பயண வரலாற்றிலிருந்தே தெளிவாகிறது.

தோலில் குடியேறிய நிறமிச் செல் தான் செய்த மெலனினைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, சுற்றியுள்ள முப்பத்தாறு செல்கள் வரைக்கும் வழங்குகிறது. கறுத்தவருக்கும் சிவந்தவருக்கும் நிறமிச் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வேற்றுமை இல்லை. பொட்டலங்களின் அளவிலும் தன்மையிலும்தான் வேற்றுமை. இந்த உண்மையை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். நம்முடைய தோல் இயற்கையாகவே ஒரு குடை பிடித்திருக்கிறது. வெயிலால் வரும் மெலனோமா அந்தக் குடையால் தடுக்கப்படுகிறது. வெயிலால் வராத மெலனோமாவை அந்தக் குடை தடுப்பதில்லை.

இங்கே ஒரு கணக்கு வழக்கைச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் படித்தவர்களும் இதில் தடுமாறுகின்றனர். உள்ளங்கை, உள்ளங்கால், நகம் ஆகிய இடங்களில் தோன்றும் வகைக்கு அக்ரல் மெலனோமா என்று பெயர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1986 முதல் 2005 வரை சேர்க்கப்பட்ட புற்றுநோய்ப் பதிவுகளை ஆராய்ந்தபோது, கறுப்பின மக்களுக்கு வந்த தோல் மெலனோமாக்களில் 36 விழுக்காடு இவ்வகையைச் சேர்ந்ததாகவும், ஸ்பானிய வழியினர் அல்லாத வெள்ளையரிடம் 1 விழுக்காடு மட்டுமே இவ்வகையாகவும் இருந்தன. இதைப் பார்த்துவிட்டு, கறுத்த தோலுக்கு இந்நோய் முப்பத்தாறு மடங்கு அதிகம் வரும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே பதிவுகளின்படி, பத்து லட்சம் மக்களில் ஆண்டொன்றுக்கு இவ்வகை வந்தவர் தொகை இரு சாராரிடமும் ஏறத்தாழ ஒன்றே: 1.8. வெள்ளையரிடம் வெயில் வகை மலைபோல் குவிந்திருப்பதால் உள்ளங்கால் வகை அதற்குள் மறைந்துவிடுகிறது. நம்மிடம் அந்த மலை இல்லை. ஆகவே இந்தச் சிறு குன்று கண்ணுக்குத் தெரிகிறது. விழுக்காடு வேறு, வீதம் வேறு. புள்ளிவிவரங்களைக் கையாளும் அலுவலர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது கடினம்.

இனி, காரணத்திற்கு வருவோம். வெயில் இல்லையென்றால் வேறு என்ன?

நெடுநாள் நிலவிய விளக்கம், செருப்பின்றி நடத்தல். சூடானில் பணியாற்றிய ஹூவர் என்ற மருத்துவர், முள்ளும் கல்லும் குத்தும் காயங்களே இதற்குக் காரணமாகலாம் என்று 1935-ஆம் ஆண்டில் எழுதினார். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆயினும் தலைமுறை தலைமுறையாகச் செருப்பும் பூட்சும் அணியும் அமெரிக்கரிடமும் வீதம் அதேதான் என்று சற்றுமுன் கண்டோம். வெறுங்கால் மட்டுமே காரணமாயின், செருப்பு வந்த நாடுகளில் நோய் மறைந்திருக்க வேண்டும்; மறையவில்லை. ஆகவே, ஏழையின் வெறுங்காலின் மீது பழி போடுவதில் அவசரம் வேண்டாம்.

எனினும் அக்கருத்தில் ஓர் உண்மைத் துணுக்கு உண்டு. உள்ளங்காலில் எந்த இடத்தில் புற்று தோன்றுகிறது என்று ஜப்பானிய மருத்துவர்கள் வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்து, அதனை 2016-ல் வெளியிட்டனர். உடல் எடையைத் தாங்கும் குதிகாலிலும் முன்பாதத்திலும் புள்ளிகள் நெருங்கி நின்றன; தரையில் படாத நடுவளைவில் அரிதாகவே இருந்தன. அப்படியாயின், ஒருநாள் குத்திய முள்ளைவிட, ஒவ்வோர் அடியிலும் விழும் அழுத்தமே கவனிக்கத்தக்கது. தொடர்ந்து அழுத்தப்படும் செல்லின் உட்கருவுறை சிதைந்து, அதனுள் இருக்கும் மரபுப் பொருள் சேதமடையக்கூடும் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. இது முடிந்த முடிபு அன்று. கை விரல் நகத்தடியிலும் மூக்கினுள்ளும் தோன்றும் புற்றுக்கு இவ்விளக்கம் போதாது.

அடுத்த சான்று மரபணுவிலிருந்து வருகிறது. புற ஊதாக் கதிர் செல்லின் டி.என்.ஏ.-வைத் தாக்கினால் ஒரு தனி அடையாளத்தை விட்டுச் செல்லும். திருடன் விட்டுச் செல்லும் கைரேகை போன்றது அது. முதுகிலும் முகத்திலும் தோன்றிய மெலனோமாக்களில் இந்தக் கைரேகை ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. உள்ளங்காலிலும் ஈரச் சவ்விலும் தோன்றியவற்றில் அது பெரும்பாலும் இல்லை. மாறாக, குரோமோசோம்கள் துண்டுபட்டு, இடம் மாறி, சில பகுதிகள் பல படிகளாகப் பெருகிக் கிடக்கின்றன. 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வும், முழு மரபுத் தொகுதியையும் படித்த 2017-ஆம் ஆண்டு ஆய்வும் இதனை உறுதி செய்துள்ளன. வெயில் வகையில் பாதியளவு நோயாளிகளிடம் காணப்படும் பிராஃப் என்ற மரபணு மாற்றம் இவ்வகையில் குறைவு. கிட் என்ற மற்றொரு மரபணுவின் மாற்றம் ஒரு பகுதியினரிடம் காணப்படுகிறது. சுருங்கச் சொன்னால், ஒரே பெயரில் வழங்கும் இரு வேறு நோய்கள் இவை.

இடத்தின் தன்மையும் ஒரு காரணம் என்பதை 2022-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் வரிக்குதிரை மீன் என்ற சிறு மீனைக் கொண்டு காட்டினர். கருவில் உடலின் எப்பகுதி எங்கே அமைய வேண்டும் என்று கட்டளையிடும் மரபணுக்கள் உண்டு. கை கால்களின் நுனியில் குடியேறிய நிறமிச் செல்கள், தாம் நுனியில் இருப்பதை அந்தக் கட்டளைகளின் வழியே வளர்ந்த பின்பும் நினைவில் வைத்திருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட மரபணு பெருகும்போது மீனின் துடுப்பில் மட்டும் புற்று தோன்றி, உடலில் தோன்றாமல் போனதற்கு இந்த நினைவே காரணம் எனக் கண்டனர். மீனின் துடுப்பும் மனிதனின் கைகால்களும் பரிணாமத்தில் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பதை உயிரியல் மாணவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் ஆய்வுக்கூடத்துச் செய்திகள் என்று அலுவலர்கள் ஒதுக்கிவிடக் கூடாது. வெயில் காரணம் இல்லையென்றால் வெயில் தடுப்புப் பிரசாரத்தால் இந்நோயைத் தடுக்க இயலாது. தடுக்க இயலாத நோயில் நமக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி, காலத்தோடு கண்டுபிடித்தல். இதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

மெலனோமா நோயாளியின் தலைவிதியை முக்கியமாக நிர்ணயிப்பது, கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்பதே. அமெரிக்க நோய்க்குறியியலார் பிரெஸ்லோ 1970-ல் இதனை மில்லிமீட்டரில் அளந்து காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்டிருந்தால், அறுவையொன்றினாலேயே பெரும்பாலோர் குணமடைகின்றனர். நான்கு மில்லிமீட்டரைத் தாண்டினால் நிலைமை தலைகீழாகிறது. அந்த மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில்தான் நம் நோயாளிகளில் பலர் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், அலைந்து திரிகின்றனர்.

அந்த அலைச்சல் பெரும்பாலும் இவ்வாறு நடைபெறுகிறது. குதிகாலில் ஒரு கரும்புள்ளி. வலியில்லை, அரிப்பில்லை. காலை மடக்கி உள்ளங்காலைப் பார்க்கும் பழக்கம் யாருக்கு இருக்கிறது? புள்ளி தடித்து நடக்கும்போது உறுத்தும்போதுதான் கவனம் வருகிறது. கால் ஆணி என்று யாரோ சொல்ல, கடையில் மருந்துப் பட்டை வாங்கி ஒட்டுகிறார். பிறகு அதைச் சீவி எடுக்கிறார். இரத்தம் கசிகிறது. நீரிழிவு இருந்துவிட்டால் சர்க்கரைப் புண் என்று கட்டுப் போடுகிறார்கள். நகத்தின் கீழ் வந்தாலோ நகச்சுத்தி, பூஞ்சை நோய், அடிபட்டு இரத்தம் கட்டியது என்று பெயர் மாறிக்கொண்டே போகிறது. தொடையிடுக்கில் நெறி கட்டிய பின்னர்தான் பெரிய மருத்துவமனைக்கு வருகிறார். மலவாயில் தோன்றினால் மூலம் என்றும், மூக்கில் தோன்றினால் வெறும் இரத்தக் கசிவு என்றும் காலம் கடக்கிறது. இதில் மருத்துவரை மட்டும் குறை கூறுவதும் நியாயமாகாது. ஆயிரம் கால் ஆணிகளைப் பார்க்கும் ஒருவருக்கு ஒருமுறைதான் இது எதிர்ப்படும்.

ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியின் பெயரை மாணவர்கள் அறிவார்கள். அவருடைய கால் பெருவிரல் நகத்தின் அடியில் 1977-ல் கண்டறியப்பட்டது இந்த நோயே. கால்பந்து விளையாட்டில் பட்ட காயம் என்றே அது முதலில் எண்ணப்பட்டது. 1981 மே 11-ஆம் நாள், முப்பத்தாறு வயதில் அவர் காலமானார். காயம் புற்றை உண்டாக்குவதைவிட, ஏற்கெனவே இருக்கும் புற்றின் மீது நம் கண்ணைத் திருப்புவதே அதிகம். பிறகு, அந்தக் காயமே ஆறவில்லை என்று நாம் ஏமாந்துவிடுகிறோம்.

எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே கூறுகிறேன். முதலில் அச்சம் தவிர்க்க ஒரு சொல். கறுத்த தோலுடையவர்களில் பலருக்குப் பல நகங்களில் பழுப்பு நிறக் கோடுகள் இருக்கும். உள்ளங்காலில் மங்கலான திட்டுகளும் ஈறுகளில் கருமையும் இருக்கும். இவை இயல்பானவை. ஆனால் நடுத்தர வயதுக்குப் பின் ஒரே ஒரு நகத்தில், குறிப்பாகக் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, புதிதாகக் கோடு தோன்றி, நாளடைவில் அகலமாகி, நகத்தைத் தாண்டி அருகிலுள்ள தோலிலும் கருமை படருமானால் அது எச்சரிக்கை. ஆங்கில மருத்துவர் ஹட்சின்சன் இதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விவரித்தார். இன்றும் அக்குறி அவர் பெயரால் வழங்குகிறது. இப்புற்று எப்போதும் கறுப்பாக இருப்பதில்லை என்று 1886-ல் அவரே சுட்டிக்காட்டியதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். நிறமே இல்லாமல், சிவந்த சதை வளர்ச்சியாக, ஆறாத புண்ணாக மட்டும் அது நிற்கக்கூடும்.

உள்ளங்காலுக்கு வேறொரு குறிப்பு. விரல் ரேகையைப் போலவே பாதத்திலும் மேடும் பள்ளமுமாக வரிகள் உண்டு. வியர்வைத் துளைகள் மேட்டு வரிகளில் திறக்கின்றன. சாதாரண மச்சத்தில் நிறம் பெரும்பாலும் பள்ள வரிகளில் படிகிறது. புற்றின் தொடக்கத்தில் மேட்டு வரிகளில் படிகிறது. டெர்மாஸ்கோப் என்னும் சிறு பூதக்கண்ணாடியால் இதனைப் பார்க்கலாம் என்று ஜப்பானைச் சேர்ந்த சைதாவும் அவருடைய குழுவினரும் நிறுவினர். அந்நாட்டில் மெலனோமா குறைவே. ஆனால் வருவதில் பெரும்பகுதி பாதத்தில் வருவதால், அவர்கள் தங்கள் மக்களின் பாதத்தைத் தாங்களே ஆராய்ந்தனர். வெள்ளையர் நாட்டுப் பாடநூலுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. இக்கருவி கைக்குள் அடங்குவது. மாவட்ட மருத்துவமனைத் தோல் பிரிவு ஒவ்வொன்றிலும் இருக்கத்தக்கது.

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருகிறேன். லட்சத்தில் ஒருவருக்கும் குறைவாக ஆண்டுதோறும் வரும் நோய்க்கெனத் தனித் திட்டம் வகுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது வீண் செலவு. ஆனால் ஏற்கெனவே நடைபெறும் வேலைகளில் நம் பணியாளர்கள் பாதத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றனர். நீரிழிவு நோயாளியின் உள்ளங்காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். தொழுநோய்ப் பணியாளர் பாதப்புண்ணைத் தேடுகிறார். முப்பது வயதைக் கடந்தோருக்கு வாய்ப்புற்று உண்டா என்று வாயைத் திறந்து வெண்திட்டைத் தேடும் பணி தேசியத் திட்டத்தின் பகுதியாக உள்ளது. வெண்திட்டைத் தேடும் அதே கண் மேலண்ணத்தில் கருந்திட்டையும் பார்க்கலாம். உணர்ச்சியைச் சோதிக்கும் கை, விரலிடுக்கை விரித்து, புதிய கரும்புள்ளியோ மூன்று மாதமாகியும் ஆறாத புண்ணோ உள்ளதா என்றும் நோக்கலாம். பயிற்சிக் கையேட்டில் ஒரு பக்கமும் நல்ல வண்ணப் படங்கள் நான்கும் சேர்த்தால் போதும். படங்கள் நம்மவர் பாதத்தின் படங்களாக இருக்க வேண்டும். வெள்ளைத் தோலில் எடுத்த படத்தைக் காட்டிப் பயிற்சி அளித்தால் பணியாளர் அதையே தேடுவார், கண்டுபிடிக்க மாட்டார்.

சந்தேகம் வந்தபின் சீவுவதோ, சுடுவதோ, அமிலம் வைப்பதோ கூடாது. சிறு பகுதியை எடுத்துப் பயாப்சி செய்ய வேண்டும். கத்தி பட்டால் புற்று பரவும் என்ற நம்பிக்கை ஊர்தோறும் உள்ளது. முறையாக எடுக்கப்படும் பயாப்சியினால் நோயாளியின் ஆயுள் குறைவதில்லை. அந்த நம்பிக்கையால் இழக்கப்படும் மாதங்களே ஆயுளைக் குறைக்கின்றன.

சிகிச்சையைப் பற்றி அதிகம் கூறத் தேவையில்லை. அறுவையே முதன்மை. கட்டியைச் சுற்றி, அதன் ஆழத்திற்கேற்ப ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை நல்ல தோலையும் சேர்த்து எடுப்பர். தேவைப்படின் முதல் நெறிக்கட்டியைச் சோதிப்பர். நோய் பரவியவர்களுக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தியின் தடையை நீக்கும் மருந்துகள் 2011 முதல் வந்துள்ளன. அவற்றுக்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்காக அலிசன், ஹோஞ்சோ ஆகிய இருவருக்கு 2018-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வெயில் வகையில் அவை புரட்சியே செய்துள்ளன. ஆனால் வெயிலடையாளம் நிறைந்த புற்றை உடல் எளிதில் அயலாக இனங்காண்கிறது. அந்த அடையாளம் குறைந்த பாத வகையிலும் சவ்வு வகையிலும் பலன் குறைவு. விலையோ மிக அதிகம். பெரிய மருந்துச் சோதனைகள் மேலை நாட்டு நோயாளிகளைக் கொண்டே நடைபெற்றதால், நம்மிடம் காணப்படும் வகை அவற்றில் சிறு எண்ணிக்கையிலேயே இடம்பெற்றது.

அப்படியாயின் நம் நோயாளிகளின் எண்ணிக்கையை நாமே அறிய வேண்டும். சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-ல் புற்றுநோய் நிலையம் தோன்றியது. இதே திருவனந்தபுரத்தில் 1981-ல் மண்டலப் புற்றுநோய் மையம் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் 1982-ல் பணியைத் தொடங்கியபோது, மக்கள்தொகைப் பதிவேட்டுக்குச் சென்னையும், மருத்துவமனைப் பதிவேட்டுக்குத் திருவனந்தபுரமும் முதல் மையங்களுள் இடம்பெற்றன. அடித்தளம் வலுவானது. குறை எங்கே எனில், குறியீட்டில். பன்னாட்டு நோய்ப் பட்டியலில் கீழ்க்கால் மெலனோமாவுக்கு, இடுப்பு முதல் பாதம் வரை அனைத்திற்கும், ஒரே எண்தான். தொடையில் வந்ததும் உள்ளங்காலில் வந்ததும் அதற்குள் ஒன்றாகிவிடுகின்றன. நோய்க்குறியியல் அறிக்கையில் வகையின் பெயரைத் தனியே எழுதினாலன்றி இரண்டையும் பிரிக்க முடியாது. வெறுமனே மெலனோமா என்று எழுதி அனுப்பும் அறிக்கையால் பதிவாளருக்குப் பயன் இல்லை. வாய், மூக்கு, மலவாய் ஆகியவற்றில் வந்தவையோ அந்தந்த உறுப்பின் தலைப்பில் சென்று சேர்ந்துவிடுகின்றன.

ஆகவே இங்கு வந்துள்ள மருத்துவ அலுவலர்களிடம் நான் கேட்பது இரண்டு வரிகளே. பயாப்சியை அனுப்பும் படிவத்தில் "கால்" என்று எழுதாமல் "உள்ளங்கால், குதி" என்றோ "வலக்கால் பெருவிரல் நகத்தடி" என்றோ எழுதுங்கள். திரும்பி வரும் அறிக்கையில் வகையும், மில்லிமீட்டரில் ஆழமும் இல்லையெனில், அதைக் கேட்டு மறுபடியும் அனுப்புங்கள்.